பிடித்த கழுதைக்கு யார் பொறுப்பு?

வாசகர் கேள்வி – பதில்

மன்னார் வீதிகளில் அலையும் கழுதைகள், நெடுந்தீவுக் குதிரைகள் இரண்டையும் பற்றிச் சேர்ந்துவிட்ட கேள்விகளுக்கு இந்த இதழில் இடம் ஒதுக்கியிருக்கிறோம். ஆடு, மாடு, நாய் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் சனசமூக நிலையத்துக்கு 20 பரப்புத் தென்னங்காணி இருக்கிறது. மன்னாரில் கட்டாக்காலியாகத் திரியும் கழுதைகளில் பத்தைக் கொண்டுவந்து வளர்க்கலாம் என்று யோசனை. கனடாவில் இருக்கும் ஊரவர்கள் காசு அனுப்பத் தயார். எங்கே தொடங்குவது?
வாசகர், நாவற்குழி

பத்து என்பதை அழித்துவிட்டு நான்கு என்று எழுதுங்கள். மேய்ச்சலை நம்பி வளர்ப்பதானால் ஒரு கழுதைக்கு அரை ஏக்கர், நம் கணக்கில் 8 பரப்பு வேண்டும். அந்தக் கணக்கில் உங்கள் காணி இரண்டு கழுதைகளைத் தாங்கும், மிஞ்சினால் மூன்று. வைக்கோல் வாங்கிப் போட்டால் நான்கு வரை சமாளிக்கலாம். பத்தை விட்டால் ஒரே மாரியில் காணி சேறாகும். அடுத்த கோடையில் புல் வேரோடு போய்விடும்.

தீனிக் கணக்கு இது. கழுதைக்கு ஒரு நாளைக்குத் தேவையான உலர்தீனி அதன் உடல் எடையில் 1.3 முதல் 1.8 சதவீதம். 110 கிலோ எடையுள்ள சிறிய கழுதை என்றால் ஒன்றரையிலிருந்து இரண்டு கிலோ. நான்குக்கும் சேர்த்து நாளொன்றுக்கு 8 கிலோ, மாதத்துக்கு 240 கிலோ. ஆறு மாதத் தீனி, ஏறத்தாழ ஒன்றரைத் தொன், கையிருப்பில் இருக்க வேண்டும். காலபோக அறுவடை முடிகிற மாசி, பங்குனியில் வைக்கோல் மலிவு. அப்போதே வாங்கி, தரையில் படாமல் பலகை போட்டு, கூரைக்குக் கீழே அடுக்குங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பூஞ்சணம் பிடித்த வைக்கோல் வயிற்றுக் குத்தையும் இருமலையும் கொண்டுவரும். தண்ணீர் ஒரு கழுதைக்கு வெயிலைப் பொறுத்து 10 முதல் 25 லீற்றர்.

அடுத்தது கடதாசி வேலை. நிலையம் பதிவு செய்யப்பட்டிருந்தால் அதன் பெயரிலேயே வங்கிக் கணக்கு வைத்து வெளிநாட்டுப் பணத்தை அதற்குள் எடுங்கள். செயலாளருடைய சொந்தக் கணக்குக்கு வந்த பணத்தால் உடைந்த சங்கங்கள் ஊருக்கு ஒன்று இருக்கும். வேலை பெரிதாகும் என்றால் 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க, தன்னார்வ சமூக சேவை அமைப்புகளைப் பதிவு செய்யும் சட்டத்தின் கீழ் பதிவதைப் பற்றிப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

பிறகு புரிந்துணர்வு ஒப்பந்தம். பிடிக்க அனுமதிக்கும் உள்ளூராட்சி சபை, அப்பகுதி அரச கால்நடை வைத்தியர், மன்னாரில் ஏற்கனவே கழுதைகளோடு வேலை செய்யும் தொண்டு நிறுவனம், நீங்கள் என்று நான்கு தரப்பும் அதில் ஒப்பமிட வேண்டும். பிரிட்ஜிங் லங்கா என்ற நிறுவனம் மன்னாரில் கழுதைகளுக்கென்றே ஒரு மருத்துவ, கல்வி நிலையத்தை உருவாக்கியது. அங்கே போய்ப் பார்க்காமல் காணிக்கு வேலி அடைக்கத் தொடங்காதீர்கள்.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை: பிடித்த கணத்திலிருந்து விலங்கு யாருடையது, முதல் மூன்று மாத வைத்தியச் செலவு யாருடையது, அதன் பின் யாருடையது, இரவில் ஒன்று விழுந்து கிடந்தால் யாருக்கு அழைப்பது, பிழைக்காத விலங்கைக் கருணைக்கொலை செய்ய முடிவெடுப்பவர் யார், உங்கள் நிலையத்தால் தொடர முடியாமல் போனால் எத்தனை நாள் முன்னறிவித்தல், விலங்குகள் யாரிடம் போகும். கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். நல்ல பராமரிப்பில் கழுதை 30 வருடம் உயிரோடு இருக்கும். முகநூலில் படம் போட்ட உற்சாகம் அவ்வளவு காலம் நிற்காது.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறோம். உங்களிடம் இருப்பது பணம் மட்டும்தான், அன்றாடம் காணிக்குப் போக ஆள் இல்லை என்றால், கழுதையை இங்கே கொண்டுவராதீர்கள். அதே பணத்தை மன்னாரிலேயே காயம் பார்ப்பதற்கும் ஆண் கழுதைகளுக்கு விதை நீக்கி நலமடிப்பதற்கும் கொடுங்கள். நான்கு கழுதைக்கு இங்கே ஆகும் செலவில் அங்கே இன்னும் பல கழுதைகளுக்கு வைத்தியம் பார்க்கலாம்.

கழுதைகளைப் பிடிக்கும்போது கயிறு வீசிக் கழுத்தை இறுக்குகிறார்கள், காலைக் கட்டி லொறியில் தூக்கிப் போடுகிறார்கள். வேறு வழியே இல்லையா?
வாசகி, தலைமன்னார்

இருக்கிறது. ஆனால் அதற்கு இரண்டு வாரம் பொறுமை வேண்டும்.

கழுதைகள் வழக்கமாகப் படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வட்டமான ஓர் அடைப்பை நிறுத்துங்கள். இரண்டரை மீற்றர் நீளமும் ஐந்தடி உயரமும் உள்ள இரும்புக் குழாய்ச் சட்டங்கள் பத்தைக் கொளுக்கி போட்டு இணைத்தால் 8 மீற்றர் குறுக்களவுள்ள வட்டம் வரும். அதற்குள் பத்துக் கழுதை நெரிசலில்லாமல் நிற்கும். பத்தில் ஒன்று வாசலாகத் திறக்க வேண்டும். சதுரமாக அடைக்காதீர்கள்: மூலையில் மாட்டிய விலங்கை மற்றவை மிதித்துவிடும். சட்டங்களின் உட்புறம் பச்சை நிழல்வலையைக் கட்டினால் அது சுவர் என்று நினைத்துப் பாயாது. வெறும் குழாயாக விட்டால் இடைவெளிக்குள் தலையைக் கொடுக்கும், காலையும் கொடுக்கும். கம்பிமுனை, ஆணிமுனை ஒன்றும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. முள்ளுக்கம்பி அறவே வேண்டாம்.

முதல் பத்து நாளும் வாசல் திறந்தபடியே இருக்கட்டும். உள்ளே காலையும் மாலையும் ஒரே நேரத்தில் வைக்கோலும் நல்ல தண்ணீரும் வையுங்கள். கோடையில் தண்ணீர் ஒன்றே போதும் இழுப்பதற்கு. எவை வருகின்றன, எது எதோடு சேர்ந்து வருகிறது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள், படமும் எடுங்கள். இந்தக் கொப்பி பிறகு மிகவும் உதவும், ஏனென்றால் கழுதைகள் சோடி சேர்ந்து வாழ்பவை. சோடியைப் பிரித்தால் தீனியை நிறுத்திவிடும்; கழுதை தீனியை நிறுத்துவது எவ்வளவு ஆபத்து என்று கீழே இன்னொரு பதிலில் வருகிறது. பதினோராம், பன்னிரண்டாம் நாளில் கூட்டம் முழுவதும் உள்ளே நிற்கும் வேளை பார்த்து, 15 மீற்றர் தள்ளி நின்று கயிற்றால் வாசலை இழுத்து மூடுங்கள். பாதிக் கூட்டம் உள்ளே வந்ததும் அவசரப்பட்டு மூடினால் வெளியே நின்ற பாதி அந்த இடத்துக்கு மாதக்கணக்கில் வராது.

மூடியதும் ஆட்கள் உள்ளே போகக் கூடாது. ஒரு மணித்தியாலம் அமைதியாக விடுங்கள். பயந்த குதிரை ஓடும். பயந்த கழுதை அசையாமல் நின்றுவிடும். அதைப் பிடிவாதம் என்று நினைத்து அடித்தே பழகிவிட்டோம். பக்கவாட்டில் நின்று ஒரு அடி எடுத்து வைக்கவிட்டு, நிறுத்தி, மறுபடி ஓர் அடி என்று நகர்த்தினால் லொறிப் பலகையில் தானே ஏறும்.

லொறித் தளத்தில் மணல் போட்டு மேலே வைக்கோல் பரப்புங்கள், வழுக்கினால் கால் முறியும். ஆண் கழுதைகளைத் தடுப்புப் போட்டுப் பிரியுங்கள், சோடியைப் பிரிக்காதீர்கள். வயிறு தள்ளிய பெட்டைகளை ஏற்றவே வேண்டாம். சினைக்காலம் ஏறத்தாழ 12 மாதம், அதன் கடைசி மூன்றிலொரு பங்கில் பயணம் ஆகாது. மன்னாரிலிருந்து பூநகரி, சங்குப்பிட்டிப் பாலம் வழியாக யாழ்ப்பாணம் வருவதானால் விடியப் புறப்பட்டு வெயில் ஏறுமுன் இறக்கிவிடுங்கள். கால்நடை வைத்தியரின் சுகாதாரச் சான்றிதழும் அனுமதிக் கடிதமும் சாரதியின் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வழியில் மறிபட்டு, வெயிலில் நிற்பவை விலங்குகள்தான்.

ஆண் கழுதைகளை நலமடித்தால் தொகை குறைந்துவிடும் என்கிறார்கள். மூன்று வருடத்துக்கு முன் எங்கள் பக்கத்தில் பதினைந்துக்குச் செய்தார்கள். குட்டிகள் பிறந்துகொண்டுதான் இருக்கின்றன. பணம் வீணா?
வாசகர், பேசாலை

வீண் இல்லை. ஆனால் எதிர்பார்த்தது பிழை. கூட்டத்தில் 20 ஆண்கள் இருந்து 15க்கு நலமடித்தால், மிச்சம் ஐந்தும் அத்தனை பெட்டைகளையும் சினைப்படுத்தப் போதும். பிறப்பு வீதம் அசையாது. குறைய வேண்டுமென்றால் அந்தப் பகுதியில் ஏறக்குறைய எல்லா ஆண்களுக்கும் செய்ய வேண்டும், பக்கத்துக் கிராமத்திலிருந்து புதிய ஆண் வந்து சேர்ந்ததா என்று வருடந்தோறும் பார்க்க வேண்டும். ஒரு மூலையிலிருந்து தொடங்கி, ஒரு கூட்டத்தை முழுமையாக முடித்து, அடுத்ததுக்குப் போவதே சரி. ஆங்காங்கே அகப்பட்டதற்குச் செய்வது கணக்கு அறிக்கைக்கு அழகாக இருக்கும், அவ்வளவுதான். ஆனால் கடியும் உதையும், வீதியில் துரத்திக்கொண்டு ஓடுவதும் நலமடித்தவற்றிடம் குறையும். அந்தப் பலன் உங்களுக்குக் கிடைத்திருக்கும்.

அமெரிக்க மேற்குப் பகுதிகளில் காட்டுக் கழுதைகள் வருடத்துக்கு 15 முதல் 20 சதவீதம் பெருகுகின்றன. நான்கைந்து வருடத்தில் இரட்டிப்பாகும் வேகம் அது. அங்கே பெட்டைகளுக்குக் கருத்தடைத் தடுப்பூசியைத் தூரத்திலிருந்து ஊசித் துப்பாக்கியால் செலுத்துகிறார்கள். அதிகம் பயன்படும் வகைக்கு வருடந்தோறும் மறு ஊசி வேண்டும், ஒவ்வொரு பெட்டையையும் அடையாளம் தெரிய வேண்டும். நம் மருந்துக் கடையில் வாங்கி வந்து போடக்கூடிய பொருள் அல்ல அது. ஆகவே இப்போதைக்கு நலமடிப்புத்தான்.

அதைச் செய்யும் வைத்தியருக்குத் தெரிந்திருக்க வேண்டிய மூன்று விடயங்கள். மாட்டுக்குப் பயன்படும் இடுக்கியை நம்பக் கூடாது: கழுதையின் விதைப்பைக்குப் போகும் இரத்தக்குழாய்கள் தடிப்பானவை, நூலால் கட்டித்தான் வெட்ட வேண்டும். கெற்றமின் மயக்கம் குதிரையைவிடக் கழுதையில் விரைவாகத் தெளியும், ஆகவே அடுத்த அளவு ஊசியில் ஏற்றித் தயாராக இருக்க வேண்டும். ஏர்ப்புவலித் தடுப்பு ஊசி இல்லாமல் கத்தி எடுக்கக் கூடாது; குதிரை இனத்தை அந்த நோய் மிக இலகுவில் கொல்லும். எடையைக் கண்ணால் மதிப்பிடாமல் நாடாவால் அளந்து மருந்தைக் கணியுங்கள்: நெஞ்சுச் சுற்றளவு 100 சென்ரிமீற்றர், தோள் உயரம் 95 சென்ரிமீற்றர் என்றால் எடை ஏறத்தாழ 100 கிலோ.

காலம் தை பிற்பகுதியிலிருந்து பங்குனி வரை. சேறு காய்ந்திருக்கும், வெயில் கொடுமை தொடங்கியிராது. வெட்டு வாயைத் தைக்காமல் திறந்துவிடுவது வழக்கம், நீர் வடிய வேண்டும் என்பதற்காக. மறுநாளிலிருந்து காலையும் மாலையும் 20 நிமிடம் நடக்கவிடுங்கள், நிற்க விட்டால் வீங்கும். சொட்டுச் சொட்டாக இரத்தம் விழுவது பரவாயில்லை. கால் மணித்தியாலத்துக்கு மேல் ஒழுக்காக ஓடினால் வைத்தியரைத் திருப்பி அழையுங்கள். உள்ளிருந்து குடல்போல ஏதும் தொங்கினால் ஈரமான சுத்தத் துவாயால் தாங்கிப் பிடித்துக்கொண்டு அழையுங்கள், உள்ளே தள்ளப் பார்க்காதீர்கள்.

நலமடித்த ஆணிடம் ஆறு வாரம் வரை விந்து மிச்சமிருக்கும், சினையோ 12 மாதம். ஆகவே செய்து ஒரு வருடத்துக்கு மேல் ஆன பின்னும் ஒன்றிரண்டு குட்டி பிறந்தால் வைத்தியரைத் திட்ட வேண்டாம்.

அமெரிக்காவில் காட்டுக் கழுதைகளைப் பிடித்து மக்களுக்குத் தத்துக் கொடுக்கிறார்களாமே. அதே திட்டத்தை இங்கே கொண்டுவந்தால் என்ன?
வாசகர், வட்டுக்கோட்டை

திட்டத்தை அப்படியே கொண்டுவர முடியாது, ஆனால் அதிலிருந்து எடுக்க வேண்டியது நிறைய உண்டு. அங்கே 1971இல் காட்டுக் குதிரைகளுக்கும் கழுதைகளுக்கும் தனிச் சட்டம் வந்தது. நில முகாமைத்துவப் பணியகம் என்ற மத்திய அரசின் திணைக்களம் ஒவ்வொரு நிலப்பரப்புக்கும் இத்தனை விலங்குதான் என்று ஓர் அளவு வைத்து, மிஞ்சியவற்றைப் பிடித்து, ஆகக்குறைந்தது 125 டொலர் கட்டணத்துக்குத் தத்துக் கொடுக்கிறது. எடுப்பவர் ஒரு விலங்குக்கு 400 சதுர அடி அடைப்பும், கழுதையானால் நாலரை அடி உயர வேலியும், ஒதுங்க நிழலும் காட்ட வேண்டும். முக்கியமானது இது: ஒரு வருடம் வரை விலங்கு அரசாங்கத்தின் சொத்து. நன்றாக வைத்திருக்கிறார் என்று வைத்தியர் போன்ற ஒருவர் சான்று கொடுத்த பின்புதான் உரிமைப் பத்திரம்.

அந்தச் சட்டத்துக்குள் வராத தேசியப் பூங்காக்களில் தொண்டு நிறுவனங்கள் இறங்கின. கிராண்ட் கன்யன் பூங்காவில் கழுதைகளைச் சுட்டுக் கொல்வதாக முடிவானபோது, ஃபண்ட் ஃபோர் அனிமல்ஸ் என்ற அமைப்பு 1979 முதல் 1981 வரை 577 கழுதைகளைப் பள்ளத்தாக்கிலிருந்து ஹெலிகொப்ரரில் தூக்கி எடுத்தது. டெத் வலிப் பூங்காவில் பீஸ்ஃபுல் வலி டொங்கி ரெஸ்கியூ என்ற அமைப்பு பூங்காவோடு ஒப்பந்தம் செய்து, கழுதைகளைப் பிடித்து, மனிதருக்குப் பழக்கி, வீடு தேடிக் கொடுக்கிறது. பூங்காவின் வேலை அனுமதியோடு நிற்கிறது, மீதி அமைப்பின் பொறுப்பு. எல்லை இப்படித் தெளிவாக இருப்பதால்தான் வேலை நடக்கிறது.

அங்கே சறுக்கியதையும் பாருங்கள். 2019இல் தத்தெடுப்பவருக்கு ஒரு விலங்குக்கு 1,000 டொலர் வரை ஊக்கப்பணம் கொடுக்கத் தொடங்கினார்கள். எடுத்தவர்களில் சிலர் உரிமைப் பத்திரமும் பணமும் கைக்கு வந்ததும் விலங்கை இறைச்சிக்கு வாங்குவோர் வரும் ஏலத்துக்கு அனுப்பியது பெரிய கண்டனத்துக்கு ஆளானது. பிடித்து வைத்திருக்கும் விலங்குகளைப் பராமரிக்கவே திட்டப் பணத்தில் பாதிக்கு மேல் போகிறது என்பது இன்னொரு தலையிடி.

இங்கே நமக்குள்ள சட்டம் 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க மிருகவதைக் கட்டளைச் சட்டம். அதில் உள்ள உச்சத் தண்டப்பணம் 100 ரூபாய். ஒரு கிலோ வெங்காயம் வாங்க முடியாத தண்டத்தை எவர் பயப்படுவார்? ஆகவே சட்டம் செய்யாததை ஒப்பந்தம் செய்ய வேண்டும். கழுதையைக் கொடுக்கும் அமைப்பு ஒரு வருடம் உரிமையைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சொல்லாமல் போய்ப் பார்க்கட்டும். எடுப்பவருக்குப் பணம் கொடுக்க வேண்டாம், வைத்தியத்தை இலவசமாகக் கொடுங்கள்.

எங்கள் கடை வாசலுக்கு வரும் கழுதைகளுக்கு மிஞ்சின பாணும் சோறும் போடுகிறோம். பாவம்தானே?
வாசகி, மன்னார் நகரம்

பாவம் பார்த்துத்தான் கேட்கிறீர்கள், ஆனால் பாண் வேண்டாம். கழுதையின் குடல் காய்ந்த, நாரான, சத்துக் குறைந்த தீனிக்குப் பழகியது. மாவும் சீனியும் கூடினால் உடல் கொழுத்து, குளம்புக்குள் அழற்சி வரும். முன்னங்காலில் பாரம் போடாமல் பின்னால் சாய்ந்து நிற்கும் கழுதையைப் பார்த்திருப்பீர்கள், அது இந்த நோயாக இருக்கலாம். உலர்ந்த பாண் தொண்டையில் அடைக்கவும் செய்யும். அதோடு, கடை வாசலில் தீனி கிடைத்தால் கூட்டம் வீதியில் நிற்கும், இரவில் வாகனம் மோதும். கொடுப்பதானால் வைக்கோல், காய்ந்த புல். அதுவும் வீதியிலிருந்து விலகிய இடத்தில்.

தவிட்டை நிறையப் போடாதீர்கள். அதில் பொஸ்பரசு கூட, கல்சியம் குறைவு. நாளாந்தம் தின்றால் எலும்பு கரைந்து முகம் வீங்கும். கோழித்தீனி பக்கத்திலும் வரக் கூடாது. அதில் கலக்கும் மொனென்சின் வகை மருந்து கோழிக்கு நல்லது, கழுதையின் இதயத்தை நிறுத்திவிடும். வேலியில் நிற்கும் சீமைக்கிளுவை ஆட்டுக்குச் சரி, குதிரை இனத்துக்கு நஞ்சு. இப்பில் இப்பில் தொடர்ந்து தின்றால் பிடரியும் வாலும் கொட்டும். எல்லாவற்றிலும் கொடியது அரளி. கோயில் மாலைக் குப்பையில் கிடக்கும் காய்ந்த அரளி இலையும் ஆளைக் கொல்லும் நஞ்சுதான், கழுதைக்கு ஒரு சில இலை போதும்.

பொலித்தீன் பையில் சாப்பாடு கட்டி எறிவதுதான் அவற்றைக் கொல்லும் இன்னொரு வழி. கழுதையால் வாந்தி எடுக்க முடியாது. விழுங்கிய பை குடலில் பந்தாகி அடைக்கும். சபையோடு கூட்டுச் சேர விரும்பும் அமைப்புகள் முதலில் கேட்க வேண்டியது மூடியுள்ள குப்பைத் தொட்டி. கழுதைக்கு இதைவிடப் பெரிய வைத்தியம் இல்லை.

ஒரு கழுதை இரண்டு நாளாக ஓரிடத்திலேயே தலை குனிந்து நிற்கிறது. காயம் ஒன்றும் தெரியவில்லை. பொறுத்துப் பார்க்கலாமா?
வாசகர், தாழ்வுபாடு

பொறுக்காதீர்கள். கழுதை வலியை வெளியே காட்டாது. உருண்டு புரள்வது குதிரையின் வழக்கம். கழுதை சும்மா நிற்கும், கூட்டத்தை விட்டு விலகும், அவ்வளவுதான். தின்னாமல் நின்றால் உடம்பில் சேர்ந்த கொழுப்பு கரைந்து இரத்தத்தில் ஏறி ஈரலை மூடும். கொழுத்தவையும் சினையாக நிற்பவையும் பாலூட்டுபவையும் இதில் முதலில் போகும். வைத்தியர் இரத்தத்தை ஒரு குழாயில் எடுத்து நிற்க வைத்தால் மேலே தெளிகிற நீர் பால்போல் வெளுத்திருக்கும். அந்த நிலையில் தப்புவது அருமை. இதனால்தான் கொழுத்த கழுதையைப் பட்டினி போட்டு மெலிய வைக்கக் கூடாது என்கிறோம்.

வைத்தியரை அழைக்குமுன் மூன்று எண்ணைக் குறித்துக் கொடுத்தால் அவருக்குப் பாதி வேலை முடிந்தது. உடல் வெப்பம் 36.5 முதல் 37.8 பாகை வரை சரி. நாடி நிமிடத்துக்கு 36 முதல் 52, மூச்சு 12 முதல் 28. கடைசியாக எப்போது சாணம் போட்டது என்பதையும் சொல்லுங்கள். வாயால் எண்ணெய், கசாயம் ஊற்றாதீர்கள், சுவாசப்பைக்குள் போய்விடும்.

புழுவைத்த காயமாக இருந்தால் மண்ணெண்ணெயும் கழிவு ஒயிலும் ஊற்றும் பழக்கத்தை விடுங்கள். புழுவும் சாகும், சதையும் சாகும். கொதித்து ஆறிய ஒரு லீற்றர் தண்ணீரில் 9 கிராம் உப்பு, அதாவது தேக்கரண்டியால் ஒன்றரை, கரைத்துக் கழுவி, இடுக்கியால் புழுக்களை ஒவ்வொன்றாக எடுத்து எரியுங்கள். ஐவர்மெக்ரின் வைத்தியர் கொடுக்க வேண்டியது, கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் கணக்கில். மாட்டு உண்ணிக்கு அடிக்கும் அமிற்ராஸ் கரைசலைக் கழுதைக்கு அடிக்கவே கூடாது, குடல் அசைவு நின்றுவிடும்.

ஓர் எச்சரிக்கை. நீர் வடிய, விழுங்க முடியாமல் நிற்கும் கழுதையின் வாய்க்குள் கையை விட்டு அடைப்பைத் தேடாதீர்கள். நாய் கடித்த கழுதைக்கு நீர்வெறுப்பு நோய் வரும், அது பார்வைக்குத் தொண்டை அடைத்ததுபோலவே இருக்கும். எச்சில் பட்டிருந்தால் அந்த இடத்தைச் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கழுதைப் பால் பிள்ளைகளுக்கு நல்லது என்று அம்மம்மா சொல்கிறார். கட்டாக்காலிக் கழுதையில் கறந்து கொடுக்கலாமா?
வாசகி, கொடிகாமம்

கொடுக்காதீர்கள். கொழுப்பு மிகக் குறைந்த பால் அது. பச்சைக் குழந்தையின் வளர்ச்சிக்குப் போதாது. குப்பைமேட்டில் மேய்ந்த விலங்கின் காய்ச்சாத பாலில் என்னென்ன கிருமி இருக்கும் என்று யோசியுங்கள். கறந்தால் குட்டியும் பட்டினி.

நெடுந்தீவில் கோடை வந்தால் குதிரைகள் தண்ணீரில்லாமல் சாகின்றன. எங்கள் இளைஞர் கழகம் தொட்டி கட்டிக் கொடுக்கலாமா?
வாசகர், நெடுந்தீவு

கட்டலாம். ஆனால் குதிரைகள் திரியும் வெளியில் பெரும்பகுதி 2015இல் தேசியப் பூங்காவாகப் பிரகடனமான நிலம். வனசீவராசிகள் திணைக்களத்தின் எழுத்து அனுமதி இல்லாமல் ஒரு கல்லும் வைக்க முடியாது. கழுதைக்குச் சபை, குதிரைக்குத் திணைக்களம் என்பதை மனதில் வைத்துக்கொண்டு கடிதம் எழுதுங்கள்.

கோடையில் ஒரு மட்டக்குதிரைக்கு 30 லீற்றர் என்று வையுங்கள். 50 குதிரைக்கு நாளுக்கு 1,500 லீற்றர். ஒரே பெரிய தொட்டி கட்டினால் பலமான ஆண் தன் கூட்டத்தோடு அதைக் காத்து நின்று மற்றவற்றை விரட்டும். சிறிய தொட்டி மூன்று, ஒன்றுக்கொன்று கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் கட்டுங்கள். சுவர் உயரம் 45 சென்ரிமீற்றர். ஒரு பக்கம் உள்ளே சரிவாக இருந்தால் விழுந்த குட்டி ஏறி வரும். கொங்கிறீற் சுவரைவிட மிதவை வால்வைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும். உப்புக் காற்றில் பித்தளை வால்வு இறுகும், நிரம்பி வழிந்து தாங்கித் தண்ணீர் ஓர் இரவில் போய்விடும். பிளாஸ்ரிக் வால்வைக் கல்லால் மூடிய பெட்டிக்குள் வைத்து, மாற்று ஒன்றைத் தீவிலேயே வைத்திருங்கள். குறிகட்டுவானிலிருந்து படகில் உதிரிப்பாகம் வரும்வரை குதிரைகள் காத்திருக்க மாட்டா.

கிணற்று நீரை உப்பு மானியால் பாருங்கள். லீற்றருக்கு 3 கிராம் வரை உப்பு என்றால் பரவாயில்லை. 5 கிராமைத் தாண்டினால் சினையாக நிற்பவைக்கும் குட்டிகளுக்கும் ஆகாது, 7 கிராமைத் தாண்டிய தண்ணீரைத் தொட்டியில் விடவே கூடாது. வாரம் ஒருமுறை பாசியைச் சுரண்டிக் கழுவ யார் வருவார் என்பதைப் பெயரோடு அனுமதிக் கடிதத்துடன் இணையுங்கள். திணைக்களம் கேட்கப்போகும் முதல் கேள்வி அதுதான்.

ஒரேயொரு கழுதை வளர்க்க ஆசை. தோட்டத்துக்கு எரு கிடைக்கும், சாமானும் சுமக்கும். என்ன தயார் செய்ய வேண்டும்?
வாசகர், அச்சுவேலி

ஒன்று என்றால் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. தனிக் கழுதை ஊரெல்லாம் கேட்கக் கத்தும், தின்னாமல் கிடக்கும். இரண்டு எடுங்கள், சோடியாக இருந்தவை என்றால் நல்லது.

கூரை கட்டாயம். கழுதை கெட்டால் குட்டிச்சுவர் என்று நாம் ஏளனமாகச் சொல்கிறோம். அதன் உரோமம் மழைத்தண்ணீரை வழிய விடாது, ஊறிக்கொள்ளும். மழைக்கும் வாடைக்காற்றுக்கும் ஒதுங்க வேறு இடம் இல்லாமல்தான் அது இடிந்த சுவரைத் தேடுகிறது. மூன்று பக்கம் பனையோலை அடைத்து, தென்கிழக்கைப் பார்க்கத் திறந்த கொட்டில் போதும். தரை உயர்ந்து காய்ந்திருக்க வேண்டும். கழுதைக் குளம்பு ஈரத்தை உறிஞ்சும், மாரியில் அடிப்பாகம் அழுகி நாறும். எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவ வேண்டும். மாட்டுக்கு லாடம் அடிப்பவர் செய்வார், ஆனால் கழுதைக் குளம்பு செங்குத்தானது, குதிரைக்குப்போல் சாய்த்துச் சீவ வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பல்லை வருடம் ஒருமுறை வைத்தியர் பார்க்கட்டும். மென்ற வைக்கோலை உருண்டையாகத் துப்பினால் பல் கூராகியிருக்கிறது.

சுமை 100 கிலோக் கழுதைக்கு 25 கிலோவுக்கு மேல் வேண்டாம், மூன்று வயதுக்கு முன் ஒன்றுமே வேண்டாம். எருவைக் குவித்து மட்கவிட்டுப் போடுங்கள்; பச்சையாகப் போட்டால் வெங்காயப் பாத்தி முழுக்கப் புல் முளைக்கும்.